தெரிஞ்ச ஒருத்தியை அனுப்பு, தாயே

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் அமுதா. ஆவடி சேக்காட்டில் இருக்கிறேன். தாய் எனக்குச் செய்ததை மனசுக்குள்ளேயே வைத்திருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குள் ஒரு குரல் இருந்தது. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்துவிடும். "இதுக்கெல்லாம் நீ லாயக்கே இல்ல. எல்லாரையும் ஏமாத்திகினு கீற. ஒருநாள் மாட்டப்போற." அது வேறு யாருடைய குரலும் இல்லை, என் குரல்தான்.

நான் ஒரு தனியார் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். டாக்டர் கையில் ஒப்படைக்கும்வரை நோயாளியின் உயிர் என் பொறுப்பு. என் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். வயல்கள் எல்லாம் மனைகளானதும் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியானார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். பயிற்சி வகுப்பில் மற்றவர்கள் டக்கு டக்கென்று இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பேன். கடைசித் தேர்வில் முதலாவதாக வந்தேன். கேள்வித்தாள் சுலபம், அதனால்தான் என்று நினைத்தேன். ஒருமுறை நெஞ்சுவலி வந்த வாத்தியார் ஒருவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தேன். டிரைவர் குமார் அண்ணன் வேகமாக ஓட்டினார், அதனால் பிழைத்தார் என்று நினைத்தேன். மகளிர் தினத்தன்று கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை பீரோ மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பாராட்டு கூடக் கூட பயமும் கூடியது. டியூட்டிக்குக் கிளம்பும் முன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பேன், சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று. "இன்னாச்சு அமுதா, மூஞ்சியே சரியில்ல?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். "கேஸ் டிரபிள்தான்" என்பேன். அவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

எங்கள் தெருக் கோடியில் சின்னதாக ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. டியூட்டி இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு ஏற்றுவேன். என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். "தாயே, என்னால் ஓர் உயிர் போவதற்குள் என்னை இந்த வண்டியிலிருந்து இறக்கிவிடு. என் இடத்தில் வேலை தெரிந்த ஒருத்தியை உட்கார வை." மாதக்கணக்கில் வேண்டினேன். அவள் பேசவே இல்லை. கோபம்கூட வந்தது.

கடைசியில் மேனேஜரிடமே போய், போன் எடுக்கும் வேலைக்கு மாற்றிவிடும்படி கேட்டேன். "மாசம் முடியட்டும், பாக்கலாம்" என்றார். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அது போன கார்த்திகை. விடாத மழை. ஒரு நாள் காலை, ஜனங்கள் வேலைக்குப் போகிற நேரத்தில், அம்பத்தூரில் ஒரு பிரசவ கேஸ் என்று அழைப்பு வந்தது. தேவி என்ற சின்னப் பெண், தலைப்பிரசவம். கூட அவள் மாமியார் மட்டும் ஏறினார். தலைப்பிரசவம் நேரமெடுக்கும், ஆஸ்பத்திரி போகிறவரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன். வண்டி பாடி மேம்பாலத்தை நெருங்கியதும் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் ஒரு காலி லாரி குறுக்கே மாட்டியிருந்தது. சைரன் அலறுகிறது. நகர யாருக்கும் இடமில்லை.

"முன்னாடி பூரா லாக்கும்மா. உள்ள எப்டி கீது?" என்று குமார் அண்ணன் கத்தினார்.

பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தையின் தலை தெரிந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. 'பாத்தியா, மாட்டிகின' என்றது உள்ளே இருந்த குரல். அவசரமாக இழுத்ததில் கையுறை கிழிந்தது. வேறொன்றை எடுத்து மாட்டினேன்.

"இங்கியே பாத்துடலாம்ணா. நீங்க முன்னாடியே இருங்க" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

குழந்தை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. விரலை விட்டு மெதுவாகத் தலை வழியாகக் கழற்றினேன். பெண் குழந்தை. நீலம் பாரித்து, துணி மாதிரித் துவண்டு கிடந்தது. துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன். அழவில்லை.

"அக்கா, இன்னாக்கா சத்தமே காணோம்?" என்றாள் தேவி.

அப்போது வேண்டினேன். "தாயே, இங்கே வேற யாருமில்லை." அவ்வளவுதான் வாயில் வந்தது. அந்த நிமிஷம் உள்ளே இருந்த குரல் அடங்கியது. மழைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. என் கை குழந்தையின் தலையைச் சரியாக நிமிர்த்தியது. சின்ன மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, காற்றுப் பையை அளவாக அழுத்தியது. குட்டி மார்பு மேலே ஏறியது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும். ஒரு விக்கல். அப்புறம் ஓர் அழுகை! அதைப் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றித் தேவியின் மார்பில் போட்டேன்.

மழைக்கோட்டோடு நின்றிருந்த ஆட்கள் தண்ணீரில் இறங்கி லாரியைத் தள்ளி வழி விட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, தாயும் சேயும் நலம் என்றார்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வழக்கம்போல, "ஏதோ நேரம் நல்லா இருந்துச்சும்மா. நான் ஒண்ணும் பண்ணல" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா ஒண்ணும் பண்லன்ற? நான் பாத்துகினுதான இருந்தேன்? ஊட்டாண்ட வண்டி வர்றப்பவே ஆத்தாகிட்ட கேட்டேன், 'தெரிஞ்ச ஒருத்திய அனுப்பு தாயே'ன்னு. அவ உன்ன அனுப்பினா. அவளுக்கு ஆள் பாக்கத் தெரியாதுன்றியா?"

வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நான் கேட்டதும் அதேதான். தெரிந்த ஒருத்தியை உட்கார வை என்றுதான் கேட்டேன். அவள் எப்போதோ உட்கார வைத்துவிட்டாள். தாயின் தேர்வையே தப்பு என்று சொல்லிக்கொண்டு, அதைப் பணிவு என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாளே மேனேஜரிடம் மாற்றம் வேண்டாம் என்று சொன்னேன். என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குமார் அண்ணனிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் உண்டும்மா. சாவி போடசொல்ல கை ஒதறும். அத்தோடதான் ஓட்டிகினு கீறேன்" என்றார். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் இது எனக்குத் தெரியாது!

அந்தக் குரல் இன்றும் சில காலைகளில் வருகிறது. பொய் சொல்ல மாட்டேன். "நீ யாரு இதுக்கு?" என்று கேட்கும். "என்னை அனுப்பினவளைப் போய்க் கேள்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறுகிறேன். வாந்தி நின்றுவிட்டது. புதுப் பயிற்சி என்றால் முன்வரிசையில் உட்கார்ந்து, தெரியாததைத் தமிழிலேயே கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை விளக்கு ஏற்றும்போது கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்களுக்குள்ளும் அப்படி ஒரு குரல் இருக்கலாம். அதை மறைக்காமல் தாயின் காலடியில் வையுங்கள். உங்கள் மேல் அன்பு உள்ள ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 'என்னை இங்கிருந்து எடுத்துவிடு' என்று கேட்பதற்கு முன்னால், 'என்னை ஏன் இங்கே நிறுத்தினாய்?' என்று ஒருமுறை அவளைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும். எனக்கு வந்தது. மழையில் நனைந்த புடவையோடு, கோபமாக நின்ற ஒரு மாமியாரின் வாயால் வந்தது.