எனக்குக் கேட்காத காலடிகள்

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, ஒரு மாத லீவில் வந்தபோது வழக்கமான தைலம், சாக்லேட், போர்வையோடு ஒரு வீடியோ கேம் பெட்டியும் ஒரு பெரிய ஹெட்போனும் கொண்டுவந்தான். அவன் வீடு கம்மாபுரம் பக்கம். அங்கே கரண்ட் நிலையாக நிற்காது. அதனால் விருத்தாசலத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு டிவியில் மாட்டினான்.

அவனுக்குப் பெட்டியைவிட ஹெட்போன் மேல்தான் பெருமை. அதன் வயர் சோப்பு டப்பா அளவிலான ஒரு கருவிக்குள் போய், அங்கிருந்து பெட்டிக்குப் போகும்.

“மாமா, சாதாரண ஹெட்போன்ல சத்தம் மண்டைக்குள்ள கேக்கும். இதுல வெளிய கேக்கும். நம்மளச் சுத்திக் கேக்கும். பின்னால ஒருத்தன் நடந்து வந்தா பின்னாலயே கேக்கும்” என்றான்.

“ரெண்டு காதுக்கு ரெண்டு ஸ்பீக்கரு. இதுல பின்னால எங்கேர்ந்துடா வரும்?”

“அதான் மாமா டெக்னிக்கு. எடப்பக்கம் ஒரு சத்தம் வந்தா எடது காதுக்கு ஒரு துளி முன்னாடி கேக்கும், வலது காதுக்கு ஒரு துளி பிந்திக் கேக்கும். அந்த வித்தியாசத்த வெச்சித்தான் எந்தப் பக்கம்னு மூளை கண்டுபுடிக்குதாம். இந்தப் பொட்டி அதையே கணக்குப் போட்டு அனுப்புது.”

முதலில் தன் அக்காவுக்குத்தான் மாட்டிவிட்டான். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. கூரை போன ஒரு கட்டடத்துக்குள் டார்ச்சோடு ஒருவன் நடந்து போனான். தம்பி விளையாட, என் மனைவி சும்மா கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். திடீரென்று தலையைத் திருப்பி சமையல்கட்டு வாசலைப் பார்த்தாள்.

“யாரோ வந்தாங்கடா!”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “இப்ப எடப்பக்கம் போறான். இப்ப மாடியில நிக்கிறான். தண்ணி எங்கியோ பின்னால சொட்டுது” என்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்து நான். மழை கேட்டது. டார்ச்சுக்காரன் மூச்சு வாங்குவது கேட்டது. ஆனால் எல்லாமே என் வலது காதோடு ஒட்டிக்கொண்டு, யாரோ காதுக்குள் பேப்பரைக் கசக்குவதுபோல் கேட்டன.

“இப்ப பின்னால வரான் மாமா. கேக்குதா?”

“சத்தம் கேக்குது. பின்னால எல்லாம் இல்ல.”

“இப்ப எடப்பக்கம் ஓடுறான் பாருங்க.”

ஓடுகிறவனின் சத்தம் தேய்ந்து காணாமல் போனது. நான் ஹெட்போனைக் கழற்றி அவன் மடியில் போட்டேன்.

என் காதைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. காதுதான் என் பிழைப்பு. பீங்கான் கம்பெனி ஒன்றில், சூளையிலிருந்து இறங்கும் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கும் வேலை எனக்கு. சின்ன இரும்புக் கம்பியால் ஒரு தட்டு. நல்ல கட்டை கணீரென்று பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சளி பிடித்தவன் குரலில் பேசும். பன்னிரண்டு வருஷமாக என் கையிலிருந்து தவறான கட்டை வெளியே போனதில்லை என்று முதலாளியே சொல்வார். அப்படிப்பட்டவன் காதை ஒரு பிளாஸ்டிக் சாமான் ஏமாற்ற முடியுமா?

“நல்லா தலையில கட்டிட்டானுங்க உனக்கு. ஒரு பக்கம் வேலையே செய்யல” என்றேன்.

“புது சாமான் மாமா. அக்காவுக்குக் கேட்டுதே.”

“அவளுக்கு என்னா தெரியும்? நீ சிரிக்கிறன்னு அவளும் சிரிச்சா.”

அவன் வயரைச் சுற்றி எடுத்து வைத்தான். லீவு முடிந்து கிளம்பும்போது, “மாமா, நீங்களே வெச்சிக்குங்க” என்று எல்லாவற்றையும் எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனான். வயரைச் சுற்றி வைத்த நாளிலிருந்து அந்த ஹெட்போனை அவன் ஒருமுறைகூடத் தொட்டிருக்கவில்லை.

அவன் போன பிறகு எனக்கு உறுத்தலாக இருந்தது. அதைச் சரி பண்ணி, “இப்ப கேக்குதுடா” என்று அவனிடம் போனில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவர் இருந்தார். எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் கேக்குதே சார்” என்றார். எனக்கு எரிச்சல். நன்றாகப் பாருங்கள் என்றேன். எனக்காக இடது பக்கத்தைப் பிரித்து, ஈயம் வைத்த இடங்களை மறுபடியும் ஈயம் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே கதை. மறுநாள் மறுபடியும் போனேன்.

“சார், ஒரு நிமிஷம். இத திருப்பி மாட்டுங்க. வலது பக்கத்த எடது காதுல போடுங்க” என்றார்.

மாட்டினேன். அவர் பாட்டு ஒன்றை ஓடவிட்டார். நான் இரண்டு நாளாகப் பழுது, பழுது என்று சொல்லிக்கொண்டிருந்த இடது பக்கம், இப்போது என் வலது காதில் சுத்தமாகப் பாடியது. நன்றாக இருந்த வலது பக்கம் செத்துப்போயிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“ஹெட்போன் நல்லாத்தான் சார் இருக்குது” என்றார் மெல்ல. பிறகு ஈயம் வைக்கும் கம்பியின் நுனியைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குக்கர் விசில் வரும் நேரம். ஆள்காட்டி விரலால் வலது காதை அழுத்தி மூடினேன். தண்ணீர் விழுந்தது, சத்தம் இல்லை. விரலை எடுத்தேன், சத்தம் வந்தது. மூடினேன், போனது. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

விரலை எடுத்துவிட்டு, “எடது காது கேக்கல” என்றேன்.

“எப்பலேர்ந்து?”

“தெரியல. எப்பவுமே கேட்டதில்லையோ என்னமோ.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். முகத்தில் அதிர்ச்சி தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவளோ எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவள்போல் நின்றாள்.

“கல்யாணம் ஆன புதுசுல” என்றாள், “நான் பேசறதுக்கு நீங்க பதிலே சொல்ல மாட்டீங்க. சில நேரம் சொல்லுவீங்க, சில நேரம் சொல்ல மாட்டீங்க. வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சேன். எங்கம்மாகிட்ட சொல்லி அழுதிருக்கேன். ஆம்பள அப்படித்தான், கேட்டும் கேக்காத மாதிரி இருப்பாங்க, நீ பழகிக்கன்னாங்க. நானும் பழகிக்கிட்டேன்.”

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். நாங்கள் படுக்கும்போது அவள் எப்போதும் என் இடப்பக்கம்தான்.

அந்த வாரமே கடலூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பித்தான் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் என்றார்கள். நான் கட்டைவிரலைப் பித்தான்மேல் வைத்தபடி காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுத்த பெண் ஏதோ ஒரு குமிழைத் திருகுவது தெரிந்தது. இன்னும் திருகினார். ஒரு தடவை கேட்காமலே அழுத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் குனிந்துகொண்டார். அந்த வெட்கத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?”

“வந்துதுங்க. ரெண்டாவதோ மூணாவதோ படிக்கும்போது.”

“அதுல போயிருக்கலாம். சில பேருக்கு ஒரு பக்கம் அப்படிப் போயிடும். இன்னொரு காது நல்லா இருக்கறதால யாருக்கும் தெரியாது.”

“மெஷின் வெச்சா கேக்குங்களா?”

“நரம்பே போயிடுச்சுங்க. லைன் இல்லாத எடத்துல பல்பு மாட்டி என்ன பண்றது? இருக்கற காத பத்திரமா பாத்துக்குங்க. அவ்ளோதான்.”

அவர் கோபமாகவோ அலட்சியமாகவோ சொல்லவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத ஒரு விஷயத்தை அதற்கு உரிய நேரத்தில் சொல்லி முடித்தார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார்.

திட்டக்குடியில் அண்ணன் வீட்டிலிருந்த அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பஸ்ஸிலேயே அம்மா வந்துவிட்டார்.

“எட்டு நாளு கழுத்துல என் செயினப் போட்டு வெச்சிருந்தேனே. வேப்பெல அரச்சிப் போட்டேனே. வீக்கம் வடிஞ்சிடுச்சே. நல்லாயிட்டன்னு ஸ்கூலுக்கு அனுப்பிச்சேனேடா” என்று அழுதார்.

“யாருக்கும்மா தெரியும்? எனக்கே தெரியல.”

“கூப்டா திரும்ப மாட்டேங்குறான்னு உங்கப்பா அடிச்சாரே. அப்பகூட எனக்குத் தோணலியே.”

அப்பா அடித்தது எனக்கு ஞாபகமே இல்லை. அம்மா இருந்த மூன்று நாளும் என் வலது காதுக்குப் பக்கத்தில் வந்து, முழுச் செவிடனிடம் பேசுவதுபோல் கத்திக் கத்திப் பேசினார். நான் தடுக்கவில்லை.

தெரிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. அதுவரை எப்படியோ சமாளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். தலையை லேசாகத் திருப்பியோ, எதிரே இருப்பவர் கண் போகும் திசையைப் பார்த்தோ, தெரியாமலே ஏதோ செய்திருக்கிறேன். தெரிந்ததும் அது கைவிட்டுப் போயிற்று. ஜங்ஷன் ரோட்டில் ஒருநாள் ஹாரன் கேட்டது. எந்தப் பக்கம் என்று யோசித்தபடி நடுரோட்டில் நின்றுவிட்டேன். மினி லாரி என்னை உரசினாற்போல் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, “காது கேக்காதா?” என்று கத்தினார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

கம்பெனியில் சொல்லவில்லை. தட்டிப் பார்க்க ஒரு காது போதும். ஆனால் அதை எப்படி நம்ப வைப்பது? ஒரு காது போனவன் தட்டிய கட்டை என்று யாராவது ஒரு பேச்சு பேசினால் முடிந்தது. அந்த வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, மண் அரைக்கும் மில்லுக்கு மேஸ்திரியாகப் போகச் சொன்னார். அந்த மில் ஓடினால் பக்கத்தில் நிற்பவரோடு சைகையில்தான் பேச முடியும். டாக்டர் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்ன காதை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.

“இங்கியே இருந்துக்கறேங்க” என்றேன்.

“ஏம்ப்பா? மேல வரணும்னு ஆசையே இல்லியா?”

கும்பிட்டுவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் மேஸ்திரியானார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி, “ஹெட்போன் நல்ல சாமான்தான் மாப்ள. நான்தான் தெரியாம பேசிட்டேன்” என்றேன். அவன், “மாமா, செட்டிங்ல மோனோன்னு ஒண்ணு இருக்குது. அதப் போட்டா ரெண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே பக்கம் வந்துடும். போட்டுப் பாருங்க” என்றான்.

போட்டுப் பார்த்தேன். சொன்னதுபோலவே எல்லாச் சத்தமும் வந்தது. மழை, மூச்சு, சொட்டும் தண்ணீர், காலடி, ஒன்றும் விட்டுப்போகவில்லை. எது எங்கே என்பது மட்டும் இல்லை. காலடி நெருங்குவது தெரியும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. குத்துமதிப்பாக ஒரு பக்கம் திரும்புவேன். எதிரி அடுத்த பக்கமிருந்து வந்து அடித்துப் போட்டுவிடுவான். நாலு ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்தேன். அந்தக் கூரை போன கட்டடத்தைத் தாண்டவே முடியவில்லை.

ஐந்தாவது வாரம் என் மனைவி கையை நீட்டினாள். “குடுங்க இப்படி.”

செட்டிங்கை மாற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தடுமாறித் தடுமாறி விளையாடப் பழகினாள். இரண்டே மாதத்தில் அந்தக் கட்டடத்தையும் அதற்கு அப்புறம் வந்த காட்டையும் கடந்து போனாள். நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து சத்தமில்லாத படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வலது காது அவள் பக்கம் இருக்கும். அவள் சட்டென்று ஒரு பக்கம் திரும்பிச் சுடும்போது, அங்கே ஏதோ கேட்டிருக்கிறது என்று புரியும்.

அப்படி ஒரு நாள் அவள் ஹெட்போனைக் கழற்றியபோது கேட்டேன். “நான் எடப்பக்கக் காதுல கேக்காம இருந்தேனே, அப்பல்லாம் என்னா பேசுவ?”

“என்னென்னமோ பேசுவேன்.”

“ஒண்ணாச்சும் சொல்லேன்.”

கொஞ்சம் யோசித்தாள். “ஆறு வருஷத்துப் பேச்சுங்க. இப்ப எங்க போயி தேடறது?” என்று எழுந்து துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

கடலூர் போய் வந்த அன்றே படுக்கையில் இடம் மாற்றிக்கொண்டோம். அவள் என் வலப்பக்கம் வந்துவிட்டாள். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னாலும் எனக்குக் கேட்கும். ஆனால் இடம் மாறிய பிறகு அவள் அவ்வளவாகப் பேசுவதில்லை. முதலில் புதுப் பக்கம் பழகவில்லை என்று நினைத்தேன். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க. கேட்டுடும்னு தெரிஞ்சா, யோசிச்சில்ல பேச வேண்டியிருக்குது” என்றாள்.