ஆக்சிலேட்டரில் நல்லெண்ணெய்

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் அப்பாவின் பழைய கார் அலறிக்கொண்டே நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றினேன். கார்புரேட்டர் பக்கம் எல்லாம் சுளுவாகத் திரும்பியது, கேபிள்தான் இறுகியிருந்தது. உள்கம்பியை உருவியதும் பிசினாக உறைந்த நல்லெண்ணெயின் சிக்கு வாடை முகத்தில் அடித்தது.

கண்டனூரில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டுக் கார் கொட்டகையின் வாடை அது. இன்று அந்த இடத்தில் ஏதோ விடுதியின் நீச்சல்குளம். கல்யாணங்களுக்கு மட்டுமே திறக்கும் அந்த வீட்டில் பூட்டு, கீல், தாழ்ப்பாள் என்று அப்பா நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே வர, கொட்டகைத் தகரம் வெயிலில் படபடக்க, அம்மா காரை முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டப் பழகிக்கொண்டிருப்பாள். கேபிளுக்கும் அதே எண்ணெயை விட்டிருக்கிறார் மனிதர். அடுத்த கல்யாணத்துக்குத் திறந்தபோது வண்டி இப்படித்தான் அலறியது. "பொம்பளை மிதிச்ச வண்டி வேற எப்படி இருக்கும்" என்று பங்காளிகள் முன்னால் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அம்மா அதன்பின் ஓட்டவே இல்லை.

கேபிளைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"அப்பவே தெரியும் ஆத்தா. சொல்லியிருந்தா மட்டும் சாவியக் குடுத்திருப்பாகளா?"