சௌரிராஜன் வாங்கிய பால் பம்பு

சௌரிராஜன் ஒரு குடை வாங்கக் கிளம்பினால் மழைக்காலம் முடிந்துவிடும். பெரிய கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, கம்பியை வளைத்துப் பார்த்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்டு அவன் ஒன்றை வாங்கி வருவதற்குள் பங்குனி வெயில் வந்திருக்கும். "தீர விசாரிச்சு வாங்கினா மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும்" என்று சொல்லிக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போவான். என்னைவிடச் சின்னவன், எங்கள் தெருவிலேயே வளர்ந்தவன். அதனால் அவன், இவன் என்றுதான் எழுதுவேன்.

கண்டோன்மெண்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. எதிலும் தனக்கு விஷயம் தெரியும் என்று நினைப்பதைக் கெட்ட பழக்கத்தில் சேர்க்காவிட்டால், தங்கமான பிள்ளை. அவன் பெண்டாட்டி அரவிந்தவல்லி, திருச்சி டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நானும் அங்கேதான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒன்றாக பஸ் ஏறுவோம். அவளுக்கு அந்த வேலை உயிர். போர்டில் வட்டம் போட்டால் காம்பஸ் தோற்றுவிடும்.

அறுபத்திரண்டில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாசியோடு லீவு முடிந்தது. மாமியார் ரங்கம்மா மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வேலைக்குப் போ, வேண்டாம்னு சொல்லலை. ஆனா குழந்தை இளைச்சா அன்னிக்கே ராஜிநாமா பண்ணிடணும்." அரவிந்தவல்லி சரி என்றாள். அன்றிலிருந்து அவள் வேலை அந்தக் குழந்தையின் தொடைச் சதையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் சௌரிராஜன் களத்தில் இறங்கினான். பால் கொடுக்கிற தாய் வேலைக்குப் போனால் என்னென்ன சாமான் வேண்டும் என்று விஞ்ஞான முறையில் விசாரிக்கத் தொடங்கினான். விசாரித்தது எங்கே? காலை வேளையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு. என் அண்ணா தினமும் அங்கே குளிப்பவர். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணாடிப் பம்பு நல்லதா, உலோகப் பம்பு நல்லதா, ரப்பர் பந்து கெட்டியாக இருக்கவேண்டுமா, இளக்கமாக இருக்கவேண்டுமா என்று காவிரியில் ஒரு மகாநாடே நடந்ததாம். ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் பராசரன் தலைமை. "கெட்டியாத்தான் இருக்கணும் ஓய், அப்பத்தான் இழுக்கும்" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அங்கே நின்ற ஒருவருக்கும் மார்பில் பூணூலைத் தவிர வேறொன்றும் கிடையாது. பால் சுரக்கிற ஒரே ஆள் அந்த நேரத்தில் வீட்டில் குழந்தைக்குத் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாமான்கள் வந்து இறங்கின. கண்ணாடிக் கிண்ணமும் ரப்பர் பந்துமாக ஒரு பம்பு. பழைய மோட்டார் கார் ஹாரனைப் போல இருந்தது. தோணி வடிவத்தில் ஒரு பால் பாட்டில், இரண்டு முனையிலும் ரப்பர். காம்பு மேல் வைத்துக்கொள்ளக் கண்ணாடியில் ஒரு தொப்பி. மெட்ராஸிலிருந்து பார்சலில் முன்பக்கம் திறக்கிற பாடி ஒன்று வந்தது. பெண்டாட்டியிடம் அளவு கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு குத்துமதிப்பாக எழுதிப் போட்டிருக்கிறான். அரவிந்தவல்லிக்கு அதில் ஒரு கைகூட நுழையவில்லை. படித்துறையில் ஊருக்கே டமாரம் அடித்தவனுக்கு வீட்டுக்குள் வந்ததும் வெட்கம் வந்துவிட்டது!

பம்பைப் பரீட்சை பார்த்த அன்று நான் அங்கே இருந்தேன். உள்ளே அவள். சாத்திய கதவுக்கு வெளியே இவன், கையில் விளக்கத் தாளுடன்.

"மெதுவா அமுக்கி, மெதுவா விடணும்னு போட்டிருக்கு!"

"வலி உயிர் போறது."

"முதல்ல அப்படித்தான் இருக்குமாம். பழகிண்டா சரியாயிடுமாம்."

"யாருக்கு? நீங்க ஒரு தடவை வச்சு அமுக்கிப் பாருங்கோ, சரியாயிடறதான்னு."

கிண்ணத்தில் வந்தது ஒரு சங்கு அளவுகூட இல்லை. அதிலும் ரத்தம் கலந்திருந்தது. அவள் பம்பைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டுக் கையாலேயே பீச்சத் தொடங்கினாள். எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி வந்தது. பழைய வேஷ்டியைக் கிழித்து, மடித்துத் தைத்து மாருக்கு வைத்துக்கொண்டாள். டெய்லரிடம் கொடுத்து இரண்டு ரவிக்கைகளுக்கு முன்பக்கம் பட்டன் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டிய சாமான் அவ்வளவுதான். சௌரிராஜன் மட்டும் படித்துறையில் பம்பு பிரமாதமாக வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பால் வந்தாயிற்று, அதை எங்கே வைப்பது? அடுக்களையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றி வைத்தால் மதியம் வரை தாங்கும். ரங்கம்மா மாமி குறுக்கே கையை நீட்டிவிட்டாள். "தளிகை உள்ளே அதைக் கொண்டு வராதே. உடம்புலேர்ந்து பீச்சினது. பத்தா, எச்சிலா, தீட்டா, என்னன்னே தெரியலை. நம்மாத்துல வழக்கமில்லை." விஷயம் மறுபடியும் படித்துறைக்குப் போயிற்று. மகாநாடு கூடி, தலையைச் சொறிந்து, வழக்கமில்லாததைச் செய்யாமல் இருப்பதே உத்தமம் என்று கலைந்தது. மாட்டின் பால் அடுக்களைக்குள் போகலாம், பெருமாளுக்கும் கண்டருளப் பண்ணலாம். பெற்றவளின் பால் வாசற்படி தாண்டக் கூடாது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அடுத்த வீட்டு அடுக்களையில் நான் என்ன சொல்ல முடியும்?

டம்ளர் கிணற்றடிச் சுவருக்குப் போயிற்று. பங்குனி வெயில் அந்தச் சுவரில்தான் முதலில் இறங்கும். மதியம் சங்கில் ஊற்றும்போது பால் திரிந்திருக்கும். குழந்தை துப்பிவிட்டுக் கத்தும். தொடைச் சதை கரையத் தொடங்கியது. அரவிந்தவல்லி பஸ்ஸில் பேசுவதை நிறுத்தினாள். "ராஜிநாமா எப்படி எழுதறதுன்னு இவர் ஆபீஸ்ல யாரையோ விசாரிச்சிண்டிருக்கார் மாமி" என்று ஒருநாள் சொன்னாள். அதையும் தீர விசாரித்துத்தானே எழுதுவான்.

அப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. குழந்தை திடீரென்று தேறியது. கன்னம் உப்பியது, மதியம் அழுவதில்லை. சௌரிராஜன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். எல்லாம் தோணிப் பாட்டிலின் மகிமையாம். அரவிந்தவல்லிக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. சாயங்காலம் மார் கனக்க ஓடிப் போனால், குழந்தை நாலு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "என்னை மறந்துடுத்தோன்னு பயமா இருக்கு மாமி" என்று பஸ் ஸ்டாண்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் மாட்டுப்பால் கொடுக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். நானும் அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். தூளி காலியாக இருந்தது. கூடத்தில் யாருமில்லை. இரண்டாங்கட்டைத் தாண்டிக் கொல்லைக்குப் போனோம்.

கிணற்றடியில் கறிகாய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். லால்குடிப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் கத்திரிக்காயும் கீரையும் கொண்டு வந்து எங்கள் தெருக்களில் விற்பவள். அவள் மடியில் அரவிந்தவல்லியின் குழந்தை, கண்ணை மூடிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. ரங்கம்மா மாமி கொல்லைக் கதவைச் சாத்தி, சந்தில் யாராவது வருகிறார்களா என்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் மாமிக்கு முகம் வெளுத்தது. "அழுதுதுடி. சங்குல விட்டா துப்பறது. தொண்டை கிழியக் கத்தித்து. நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பயம் பொய்யில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். "பச்சைக் குழந்தைக்குத் தீட்டேது? ஒண்ணும் கிடையாது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அரவிந்தவல்லி கத்தவில்லை. கிணற்றடிச் சுவரில் இருந்த டம்ளரை எடுத்து, திரிந்த பாலை வாழைக்கு ஊற்றினாள். "வேலம்மா பாலுக்கு இல்லாத தோஷம் என் பாலுக்கு மட்டும் எங்கேர்ந்தும்மா வந்தது? நாளைலேர்ந்து இந்த டம்ளர் தளிகை உள்ளேதான் இருக்கும்" என்றாள். ராஜிநாமாப் பேச்சு அன்றோடு செத்தது.

பிறகு அவள் வேலம்மாளிடம் திரும்பினாள். "உனக்கும் கைக்குழந்தையா?"

"ஆமாங்க மாமி. பையன். வூட்ல மாமியா கஞ்சித்தண்ணி ஊத்தும். சாயங்கால ரயிலுக்குப் போய்த்தான் நான் குடுப்பேன்." வேலம்மாள் மாராப்பைச் சரி செய்துகொண்டாள். "இந்நேரத்துக்கு நெஞ்சு கல்லா இறுகிப்போவுங்க. முன்னெல்லாம் சந்துல ஒதுங்கிப் பீச்சி விட்டுட்டுப் போவேன். இங்க ஒரு புள்ள பசியில கத்துது, அங்க நான் மண்ணுல ஊத்துறேன். அதான் பெரிய மாமி கூப்புட்டதும் மாட்டேன்னு சொல்ல வரல."

அரவிந்தவல்லி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் சௌரிராஜனுக்குச் சங்கதி தெரிந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "குடுக்கறதுக்கு முன்னாடி வெந்நீர்ல அலம்பிண்டாளா?" அப்புறம் இரண்டு நாள் யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை வேலம்மாள் வந்ததும் பளபளவென்று துடைத்த பம்பைக் கொண்டு வந்து நீட்டினான்.

"இந்தா, இனிமே இது உனக்கு. சீமைச் சரக்கு."

வேலம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்குங்க சாமி இது?" அவன் விளக்கினான். ரப்பர் பந்தை அமுக்கியும் காட்டினான். அவள் சிரித்தே விட்டாள். "பீச்சுறதுக்குக் கை இருக்குங்க சாமி. புள்ளயக் கொண்டாந்தா எறக்கிப் போடத்தான் ஒரு எடமில்ல."

எங்கள் தெரு வீடுகள் வாசலிலிருந்து கொல்லைச் சந்து வரை ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகும். அந்த வீட்டில் இரண்டு கட்டு, ஒரு மாடி, நெல் கொட்டாத ஒரு நெல் அறை. அத்தனையையும் வைத்துக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் தரையைப் பார்த்தார்கள். அரவிந்தவல்லிதான் பேசினாள்.

"நாளைக்கே அவனைத் தூக்கிண்டு வா. ரெண்டாங்கட்டுல தூளி கட்டித் தரேன்."

பையன் வந்தான். எலும்பும் தோலுமாக, பெரிய கண்களுடன். வேலம்மாள் தெரு சுற்றிவிட்டு நடுநடுவே வந்து பால் கொடுப்பாள். மாமி அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள். சௌரிராஜன் பம்பை மறுபடியும் அலமாரியில் வைத்தான்.

அடுத்த லீவு நாளில் நான் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வேலம்மாள் வடக்குப் பக்கத் தெருக்களில் எங்கேயோ மாட்டிக்கொண்டுவிட்டாள். தூளியில் பையன் கத்தினான். ஆட்டிப் பார்த்தோம், அடங்கவில்லை. அரவிந்தவல்லி அவனைத் தூக்கினாள், சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள், ரவிக்கைப் பட்டனைக் கழற்றினாள். பையன் ஒட்டிக்கொண்டான். குடிக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது.

சத்தம் கேட்டு ரங்கம்மா மாமி வந்தாள். பார்த்தாள். சௌரிராஜனும் பின்னாலேயே வந்து நின்றான். மாமி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"குடுத்தது குடுத்துட்டே. எழுந்து தலைக்கு ஒரு முழுக்குப் போட்டுட்டு உள்ளே வந்துடு."

அரவிந்தவல்லி பையன் தலையிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்மாத்துக் குழந்தைக்குக் குடுத்துட்டு வேலம்மா தினம் எங்கேம்மா போய்க் குளிச்சா?"

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு அங்கேயே நின்றாள். பையன் குடித்து முடிக்கிற வரையில் யாரும் நகரவில்லை.