சைக்கிள் குண்டில் செய்த அணு

மயிலத்தில் எனக்குச் சைக்கிள் கடை. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகளின் அறிவியல் கண்காட்சிக்கு நானே அணு செய்து கொடுத்தேன். சக்கர பேரிங்கில் போடும் பெரிய இரும்புக் குண்டுகளை ஒட்டிய உருண்டைதான் நடுவிலுள்ள புரோட்டானும் நியூட்ரானும். ஸ்போக் கம்பி வளையத்தில் ஒட்டிய சின்னப் பெடல் குண்டுகள் எலக்ட்ரான்.

“நடுவுக்கும் வளையத்துக்கும் இடையில என்னம்மா இருக்கு?”

“ஒண்ணுமில்லப்பா, வெறும் காலி.”

கண்காட்சி நடந்த திண்டிவனம் பள்ளியில் பரிசு கொடுக்க வந்தவர் என்னைக் காட்டி, “அப்பாவா?” என்று கேட்டார்.

மகள் என் கிரீஸ் படிந்த வேட்டியைப் பார்த்தாள். “இல்ல சார். இத்த தூக்கிக்கினு வந்த ஆளு.”

பரிசு அவளுக்குத்தான் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் அணுவை எங்களுக்கு நடுவே சீட்டில் வைத்தாள். ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெறும் காலி எவ்வளவு பெரிய இடம் என்று அன்று தெரிந்தது. இன்னும் அது நிரம்பவில்லை.