பின்னாலிருந்து வந்த சத்தம்

தியேட்டரில் ஆபரேட்டர் என்று ஒருவன் இருப்பது ஜனங்களுக்கு ஞாபகம் வருவது படம் அறுந்தால்தான். அதுவும் அவனைப் பெற்றவளையும் சேர்த்துத்தான் ஞாபகம் வரும். இந்த வேலையில் வெந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் வயிற்றெரிச்சலை ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன்.

பெருங்களத்தூர்ப் பக்கம் நான் இருந்த தியேட்டருக்குத் தொண்ணூறுகளின் நடுவில் ஸ்டீரியோ வந்தது. திரைக்குப் பின்னால் மூன்று பெரிய ஸ்பீக்கர் பெட்டி. பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் பன்னிரண்டு சின்னப் பெட்டி. திரையில் கார் இடமிருந்து வலம் போனால் சத்தமும் கூடவே போகும். முதல் தடவை கேட்டபோது, கார் நின்ற இடத்தில் நிற்க, நாற்காலியோடு நான்தான் நகர்கிறேன் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி ஒன்றுதான் சொன்னார்: "பொங்கல் வரைக்கும் பாப்பேன். கூட்டம் ஏறலைன்னா எல்லாத்தையும் கழட்டி நம்ம கல்யாண மண்டபத்துல மாட்டிடுவேன்."

லாரி

முதல் வாரம். கதாநாயகன் தனியாக நடந்து வருகிறான். அவனைத் துரத்தும் லாரியின் சத்தம் நம் முதுகுக்குப் பின்னால் கிளம்பி, பக்கச் சுவரோடு ஓடி, திரைக்குள் போய்ச் சேரவேண்டும். கிளம்பியதுதான் தாமதம், கடைசி வரிசைகள் மொத்தமும் எழுந்து கதவைப் பார்த்தன. லாரி ஓயாத ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களின் பயம் அது; தப்பில்லை.

ஆனால் இடைவேளையில் ஒருவர் படியேறி என் ரூமுக்கே வந்துவிட்டார். திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவராம். எனக்கோ முன்பின் தெரியாதவரிடம் பேச்சு வராது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடித்துவிட்டார்; போகிற வழியில் முதலாளியிடமும் இதையே கேட்டாராம்: "படம் முன்னாடி ஓடுது, சத்தம் இன்னாத்துக்கு பின்னாடி வருது? ரெண்டையும் ஒரே எடத்துல வெக்கத் தெரியாதா உனக்கு?"

பஜ்ஜி

ஒரு நாள் இடப்பக்கச் சுவரின் கடைசிப் பெட்டி பேசவில்லை. ஏணி போட்டு ஏறினால் கொக்கிதான் இருக்கிறது, பெட்டியைக் காணோம். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கேன்டீனில், பஜ்ஜி சட்டிக்கு நேர் மேலே, எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கிக்கொண்டிருந்தது.

கேன்டீன் எடுத்திருந்தவர் முதலாளியின் மச்சான். கழற்றிக்கொண்டு வந்து மாட்டினேன். மறுநாளே திரும்பிப் போயிருந்தது. ஒரு பெட்டி போனால் அந்த மூலையில் உட்கார்ந்தவனுக்கு லாரி பாதி வழியில் காணாமல் போய்விடும். ஆத்திரத்தோடு இதைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை. "பஜ்ஜி துண்றவனும் டிக்கெட் வாங்கினவன்தாண்ணா. அவனுக்கு மட்டும் ஃபைட் கேக்க வேணாமா?"

மழை

அடுத்த படத்தில் ஒரு மழை. திரையில் தூறலாக ஆரம்பித்து, சுவர் சுவராகப் பரவி, கூரை முழுக்கப் பெய்யும். மேட்னி ஷோ. மாடம்பாக்கத்து அம்மாள் ஒருவர் சட்டென்று எழுந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. திரும்பி உள்ளே விட வாசல்காரர் மறுத்துவிட்டார்.

மாடியிலிருந்து பார்த்த எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்த மழை அவருடைய மொட்டை மாடி வரை போயிருக்கிறதே. பாழாய்ப்போன மேனேஜர் அதைப் புகாராக முதலாளியிடம் கொண்டுபோனார். அம்மாள் சொன்னதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாராம்: "படத்துலதான் மழைன்னு வெளியே ஒரு போர்டு வெக்கறதுக்கு என்ன கேடு? வடாம் காயப்போட்டவ எப்படி சார் நிம்மதியா படம் பாக்கறது?"

கொடி

பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தார்கள். நான் லீவில் இருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்த பெட்டிகளை இழுத்துப் போட்டு, வேலை முடிந்ததும் ஒயரைத் தோன்றியபடி சேர்த்துவிட்டார்கள். இடம் வலமாகிவிட்டது. அந்த வாரப் படத்தில் ரயில் காட்சி வேறு. ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலை, சரிசெய்கிறேன் என்றேன். "யாருக்குய்யா தெரியப்போவுது? ஸ்கிரீன் பின்னாடி ஈரம் காயட்டும்" என்றார் மேனேஜர். ஷோவுக்கு ஷோ அந்த ரயில் வரும்போது நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் ஒருவர் கண்டுபிடித்தார். பக்கத்து ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்தவர். படம் விட்டதும் நேராக முதலாளியிடமே போனார். இனிமேலாவது சரிசெய்யச் சொல்வார் என்று நான் படியில் காத்து நின்றேன். கேட்கீப்பர் கோபப்படக்கூட இல்லை. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். "வண்டி செங்கல்பட்டுக்குப் போவுது, சத்தம் பீச் ஸ்டேஷனுக்குப் போவுது. நான் எந்தப் பக்கம் பாத்து கொடி காட்டறது சார்?"

அட்சதை

லாரி, மழை, ரயில், மூன்று புகார் ஆகிவிட்டது; முதலாளிக்கு அது போதும். பொங்கல் கழிந்ததும் சுவர்ப் பெட்டிகளை என் கையாலேயே கழற்ற வைத்தார். தை மாதம் எங்கள் வாசல்காரர் மகளுக்கு முதலாளியின் மண்டபத்தில் கல்யாணம். போய்ப் பார்த்தால், அத்தனை பெட்டியும் பின்சுவரில், சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு மேலே, ஒரே வரிசையாகத் தொங்குகின்றன.

மேளக்காரர்கள் மைக்கோடு மேடைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டிமேளம் பின்னாலிருந்து இடித்தது. மண்டபமே அப்படியே திரும்பி, கையிலிருந்த அட்சதையை அந்தப் பக்கம் வீசியது. சாம்பார் வாளியோடு வெளியே வந்தவர் ஆசீர்வாதம் முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டு நின்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர் வெறுங்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தாலி பின்னாடியா கட்றாங்க? சொல்லவேயில்லையே."

சத்தம் வரும் இடத்தில்தான் ஆள் இருப்பதாக மனுஷன் நம்புவான். எனக்குச் சொல்லத் தெரியாத இதை, சாம்பார் வாளியில் மிதந்த அட்சதை அங்கேயே நின்ற முதலாளிக்குக் காட்டியும், அவர் மேளக்காரரைத்தான் திட்டினார்.