ஓரகத்தியும் நானும் ஒரே குதிரையும்

ஆற்றங்கரையில் நான் நிறுத்திவிட்டுப் போன குதிரை மறுநாள் காலையில் ஒரு மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் என் வில்லாளிப் பெண், உடம்பெல்லாம் ரத்தக்கறையோடு, நான் ஒருநாளும் பார்த்திராத வாளைப் பிடித்தபடி நின்றாள். மூன்று வாரமாகப் பறித்துச் சேர்த்த மூலிகைகளில் ஒன்றுகூடப் பையில் இல்லை. கேம் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் ஓரகத்தியின் முதுகு லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையத்தில் அப்போது நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் மில்லில் ஷிப்ட் வேலை. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆனால் குதிரை இடம் மாறிய அந்த நாட்களில் எப்படியும் கூப்பிடவில்லை, பேச்சு நின்று மூன்று மாதமாகியிருந்தது. காரணம் ஒரு தையல் மெஷின். கல்யாணத்தின்போது என் அம்மா வாங்கித் தந்தது. இரண்டு வருஷமாக நான் அதைத் தொடவில்லை என்பது உண்மைதான். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை ஆட்டோவில் ஏற்றி, செட்டியார்பட்டியில் கணவனை இழந்து நின்ற ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். "சும்மாதான கெடந்துச்சு? அந்தப் பிள்ள பொழைச்சுக்கிடட்டும்" என்றாள். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த ஒரு காதுகுத்து வீட்டில் நான் பதில் சொன்னேன்: "கேக்காம எடுக்கதுக்கு என்ன பேருன்னு எல்லாருக்கும் தெரியும்." அவள் முகம் சுருங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே கொடியில் துணி காயப்போட்டோம், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

எங்கள் கொழுந்தன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது அந்த கேம் பெட்டியை ஹாலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். காலைச் சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, தூசி தட்டப்போன நான் ஒருநாள் அதைப் போட்டுப் பார்த்தேன். திறந்த உலக விளையாட்டு என்று அந்த வகைக்குப் பெயர். ஒரு கொள்ளைக்காரத் தலைவன் கடத்திப்போன தம்பியைத் தேடி அக்காக்காரி ஒருத்தி வில்லோடு கிளம்புகிறாள் என்பது கதை. கதைப்படிதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. தூரத்தில் ஒரு மலை தெரிந்தால் அங்கே போகலாம், ஆறு தெரிந்தால் நீந்தலாம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அய்யனார் கோவில் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் நான் அங்கே போனது இரண்டே முறை, அதுவும் குடும்பத்தோடு வேனில். இங்கேயோ நினைத்த கணத்தில் குதிரையைத் திருப்பலாம். முதல்நாள் ஒரு குன்றின் மேலே ஏறி, கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில் விரிவதைப் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் காப்பி ஆறியதே தெரியவில்லை.

நான் காலையில் ஆடினால், பள்ளிக்கூடம் போகாத என் சின்னப் பிள்ளையோடு நான் கண்ணயர்ந்த மதிய வேளையில் அக்கா ஆடியிருக்கிறாள். ஆட்டத்தை இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஒரே வில்லாளி, ஒரே குதிரை, ஒரே பை. நான் பி.காம். படித்தவள், திரையின் கீழே ஓடும் ஆங்கில வரிகளை ஒன்றுவிடாமல் வாசித்து, ஊர் ஊராகப் போய் எல்லோரிடமும் பேசி, செடிகொடி பறித்து மருந்து காய்ச்சுவேன். அக்கா பத்தாவதோடு நின்றவள். வரிகளை அவள் வாசிப்பதில்லை. எதிரே எது அசைந்தாலும் வாளை உருவிக்கொண்டு ஓடுவாள். நான் ஒரு மாதம் பயந்து ஒதுங்கிப் போன கரடியை அவள் ஒரே மதியத்தில் அடித்துப் போட்டிருந்தாள். அந்த விளையாட்டின் பெரிய பலம் இதுதான் என்று பிற்பாடு புரிந்தது. ஒரே உலகத்துக்குள் அவளுக்கு ஒரு கதை நடந்தது, எனக்கு வேறொன்று நடந்தது, இரண்டுக்கும் அங்கே இடமிருந்தது.

முதலில் சண்டைதான். அவள் என் மூலிகையை விற்று வாள் வாங்கினாள். நான் அந்த வாளை விற்று மருந்துச்சட்டி வாங்கினேன். மறுநாள் அந்தச் சட்டி ஆற்றுக்கு நடுவில் மிதந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு மாற்றம். நான் காய்ச்சிய காயமருந்து அவளுடைய சண்டைகளுக்குப் பயன்பட ஆரம்பித்ததும், அவள் என் மூலிகைகளில் கைவைப்பதை விட்டாள். ஒருநாள் பையைத் திறந்தால், பனிமலை உச்சியில் மட்டுமே முளைக்கும் நீலப்பூ பன்னிரண்டு இருந்தன. அவ்வளவு உயரத்துக்கு ஏற எனக்குத் துணிவு இருந்ததில்லை. அவள்தான் ஏறிப் பறித்து வந்திருக்கிறாள். அன்றும் நாங்கள் பேசவில்லை. ஆனால் அவள் தட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தேன்.

அப்புறம் அந்த இடம் வந்தது. கொள்ளைக்காரர்கள் இரண்டு ஊர்களை நோக்கிப் போகிறார்கள், ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். ஆற்றோரத்து ஊரில் நான் தினமும் பேசிப் பழகிய மாவுமில்லுக்காரி இருந்தாள். மலையூரில் அக்காவுக்கு வாள் செய்து கொடுத்த கொல்லன் இருந்தான். எந்த ஊர் என்று கேட்டுத் திரை அப்படியே நின்றுவிட்டது. பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தேன், அழுத்த முடியவில்லை. பெட்டியை ஓடவிட்டு டிவியை மட்டும் அணைத்துவிட்டு எழுந்தேன். மதியம் அக்கா பார்ப்பாள், ஒரே நொடியில் மலையூரை அழுத்திவிட்டுப் போய்விடுவாள், அவள் குணம் அது என்று நினைத்தேன். மனதுக்குள் மாவுமில்லுக்காரிக்கு விடைகூடக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டிவியைப் போட்டால் திரை அதே கேள்வியில் நின்றது. அக்கா கன்ட்ரோலரைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தாள், அவ்வளவுதான். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"ஏட்டி, எந்த ஊரு?" என்றாள்.

"நீயே அமுக்கியிருக்கலாம்லக்கா" என்றேன்.

"கேக்காம அமுக்குனா பொறவு அதுக்கும் ஒரு பேரு வைப்ப."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அப்புறம் நான் அழுதேன். காதுகுத்து வீட்டில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "மெஷின நாளைக்கே போய்க் கேட்டு வாங்கிட்டு வாரேன்" என்றாள் அவள். செட்டியார்பட்டிப் பெண் அதற்குள் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தது எனக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேங்காயை அப்படியே போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினோம்.

ஆற்றோரத்து ஊரைத்தான் காப்பாற்றினோம். அக்கா வாளைச் சுழற்ற, எப்போது மருந்து குடிக்க வேண்டும் என்று நான் பக்கத்திலிருந்து கத்த, ஒரு மணி நேரம் வீடே அதிர்ந்தது. கடைசி ஆள் விழுந்ததும் இருவரும் சோபாவில் ஏறிக் குதித்தோம். பிறகு, நன்றி சொல்வாள் என்ற ஆசையோடு மாவுமில்லுக்காரியிடம் போனோம். "இன்று காற்று நன்றாக இருக்கிறது, அரைக்க ஏதும் கொண்டுவந்தாயா?" என்றாள். முதல்நாளிலிருந்து அவள் சொல்லும் அதே வாக்கியம்!

அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இதுக்கா மூணு நாளு முழுச்சுக்கிட்டு நின்னோம்? ஊரு எரிய இருந்துச்சு, இவ காத்தப் பத்திப் பேசுதா!" அன்றிலிருந்து அந்த விளையாட்டின் குறைகளைப் பட்டியல் போடுவதே அவளுக்குத் தனி விளையாட்டாகிவிட்டது. அவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டியவர்கள் மனிதர்களின் வாயில் நான்கே வாக்கியத்தை வைத்துவிட்டார்கள். பாதிக்கு மேல் புது வேலையே கிடையாது, இதைக் கொண்டுபோய்க் கொடு, அவனைக் கொன்று வா, மறுபடியும் இதைக் கொண்டுபோய்க் கொடு. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பொறுக்காதது, கதையின் அவசரம் கதைக்கே தெரியாமல் இருந்தது. "தம்பியத் தூக்கிட்டுப் போயிட்டான். இவ என்னடான்னா ஒரு மாசமாக் கீரை பறிக்கா" என்று என்னைப் பார்த்துச் சொல்வாள். அது எனக்கும் சேர்த்து விழுந்த குத்து. தம்பியைக் கண்டுபிடித்த நாளில் ஏனோ எங்களுக்குப் பெரிதாக அழுகை வரவில்லை. எங்கள் அழுகையெல்லாம் சமையலறையில் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் குதிரையோட்டம், மழை பிடிக்கும்போது இருளும் அந்தக் காடு, எது கண்ணில் பட்டாலும் போய்த் தொட்டுவிடலாம் என்ற அந்தத் துடிப்பு, அவற்றுக்காக இத்தனை குறைகளையும் மன்னிக்கலாம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் கணவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லில் வேலை கிடைத்து அவர்கள் அங்கே குடிபோனார்கள். போன மாதம் அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தது. கொழுந்தன் அக்காவுக்குத்தான் முதலில் அனுப்பினான். ஒரு காலையில் போன் அடித்தது.

"ஏட்டி, மலைக்குள்ள ஒரு கதவு இருக்கு. எம்புட்டுப் பெருசு! நான் தொறக்கல. நீ வா, சேர்ந்து தொறப்போம்."

"சாம்பார் கொதிக்குக்கா."

"எறக்கி வச்சுட்டு வா. செத்த நேரந்தான் பொறுப்பேன்."

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பேருந்து நிலையத்திலிருந்து அவள் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். அக்கா கால்களை மடக்கி, ரொம்பப் பொறுமைசாலி மாதிரி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் பாறையைக் குடைந்து செய்த கதவு, பனைமர உயரத்துக்கு. இந்த மாதிரிப் பெண்பிள்ளை ஊரிலேயே கிடையாது, எனக்காகக் காத்திருக்கிறாளே என்று உருகிப்போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டு பொத்தானை அழுத்தினேன். கதவு முனகியது. ஒரு விரற்கடை அகலத்துக்கு இருட்டு தெரிந்தது.

"பாம்புடி! இடது பக்கம் பாரு, இடது பக்கம்!" என்று அக்கா கத்தினாள்.

அதற்குப் பிறகுதான் கதவு முழுதாகத் திறந்து, இடது பக்கத்திலிருந்து பாம்பு வந்தது.