குப்பாயி அக்கா பெயரில் ஒரு பிரீசெட்

நாகலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் தையல் கடை. அதை ஒட்டி எல்வினின் போட்டோ ஸ்டூடியோ. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் திட்டினால் அவனுக்குக் கேட்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எதுவானாலும் எல்வின் ஓடி ஓடிப் படம் எடுப்பான். எடுத்து முடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் ஆமை. எல்லாம் அந்த பிரீசெட்டால் வந்த வினை. படத்துக்கு வெளிச்சம் எவ்வளவு, நிறம் எப்படி என்று முன்கூட்டியே தயாராக்கி வைத்த கலவை அது. கடையில் வாங்கின மசாலாப் பொடி மாதிரி, ஒரு கிளிக்கில் படத்தின் மேல் தூவிவிடலாம். இணையத்தில் எவன் இலவசமாகக் கொடுத்தாலும் எல்வின் இறக்கிக்கொள்வான். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. பெயர்களாவது ஒழுங்காக இருந்ததா? 'புதுசு', 'புதுசு புதுசு', 'இதுதான் கடைசி'. வேண்டியதைத் தேடி எடுப்பதற்குள் கல்யாணப் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும்.

அவன் மனைவி ஜோஸ்லின் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர். ஒரு காகிதம் கோணலாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் அவன் கையிலிருந்து மௌஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, ஒண்ணையே பத்துப் பேர்ல வெச்சிருக்கீங்களே!"

"அது இருக்கட்டும் ஜோஸ், மூடுபனிக்கு ஆகும்."

"இது நம்ம பனிய மஞ்சத் தண்ணி ஆக்குதுங்க. போகட்டும்."

ஒவ்வொன்றும் அழியும்போது பெற்ற பிள்ளையைப் பஸ் ஏற்றி அனுப்புகிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஞ்சியதை மஞ்சள் சாயலுக்கு 'வார்ம்', நீலச் சாயலுக்கு 'கூல்', அப்புறம் 'கறுப்பு வெள்ளை' என்று அவள் அழகாகப் பிரித்து அடுக்கினாள்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் 'வார்ம் வேண்டும்' என்றா கேட்கிறார்கள்? "மரியதாஸ் ஊட்டு ஞானஸ்நானத்துல கொழந்த கன்னம் ரோசாப்பூவாட்டம் இருந்துச்சே, அப்படிப் போடுங்க" என்பார்கள். என்னிடமும் "கரடியூர்க்காரி கழுத்து" என்றுதான் ஜாக்கெட் தைக்கச் சொல்வார்கள். எங்கள் மலையில் எதற்கும் அடையாளம் இன்னார் வீடு என்பதுதான். புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி உட்கார்ந்து, எந்தக் கலவையை எந்த வீட்டு விசேஷத்துக்குப் போட்டானோ அந்த வீட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அன்றிலிருந்து தேடும் வேலையே இல்லை.

ஆனால் எல்வினுக்கு வாய்க்கொழுப்பு. பெயரோடு ஒரு குறிப்பும் சேர்த்தான். 'அம்மாசி அண்ணன் - வழுக்கை மின்னாமல்'. 'குப்பாயி அக்கா - சிடுமூஞ்சி'.

"அழிச்சிருடா, யாராச்சும் பாத்தா மானம் போயிரும்" என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

"நான் மட்டுந்தான் பாக்கறேன், ஜெயமேரியக்கா" என்றான்.

பக்கத்து ஊர் வாழவந்தியில் குப்பாயி அக்காவைக் கேட்காமல் பந்தல்கால்கூட நட மாட்டார்கள். அவருடைய மூத்த மகள் சிவரஞ்சனியின் கல்யாணத்தை எடுத்தது எல்வின்தான். ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நெற்றிச் சுருக்கத்தை மென்மையாக்கவே அவன் தனியாக ஒரு பிரீசெட் செய்தான். அதுதான் அந்தச் சிடுமூஞ்சி. ஆல்பத்தைப் பார்த்த ஊரார், போட்டோக்காரன் மேல் அக்காவுக்கு என்னவோ கோபம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வாழவந்தியிலிருந்து ஒரு விசேஷமும் அவனுக்கு வரவில்லை. ஓர் ஊரே கைவிட்டுவிட்டதே என்று அவனுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இந்தத் தை மாதம் இளைய மகள் புஷ்பலதாவுக்குக் கல்யாணம். ஜாக்கெட் அளவு கொடுக்க என்னிடம் வந்த தாயும் மகளும், என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள்.

"எல்வின் அண்ணன்தான் எடுக்கோணும்னு இவ ஒரே அடம்" என்றார் அக்கா. "கலரெல்லாம் காட்டு, பாத்துட்டுச் சொல்றேன்."

இந்த ஒரு கல்யாணம் கிடைத்தால் வாழவந்தியே திரும்பி வரும். அந்தச் சந்தோஷத்தில் எல்வினுக்கு மூளை வேலை செய்யவில்லை. பெயர்கள் முழுவதையும் திரையில் விரித்துவிட்டான். நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன். அவன் என் பக்கம் திரும்பினால்தானே! அக்கா பஸ் போர்டு படிப்பதுபோல எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்.

"ஏங்கண்ணு, இதென்ன எம் பேரு? சி... டு..."

முழுவதும் படித்துவிட்டார். புஷ்பலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, அது வந்துங்க... மன்னிச்சுக்குங்க."

"போட்டுக் காட்டு."

மூத்தவள் கல்யாணப் படத்தைத் திறந்து, அந்த பிரீசெட்டைப் போட்டான். அக்கா தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரல் இறங்கித்தான் வந்தது.

"கடவாப் பல்லு, சாமி. அன்னிக்கு உசுரு போற வலி. சொன்னா நல்ல காரியத்துல தடங்கலும்பாங்கன்னு வாயே தொறக்கல. சம்பந்தம் எனக்குப் புடிக்கலைன்னு அந்த ஊட்டுல நெனச்சுக்கிட்டாங்க. எம் மூத்தவ இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்சக் கேக்கறா. நான் சிரிச்ச படம் ஒண்ணுகூடவா இல்ல?"

எல்வின் தலையைச் சொறிந்தான்.

"நீங்க கன்னத்துல கை வெச்ச படமெல்லாம் தனியா ஒதுக்கிட்டேனுங்க. கல்யாண ஆல்பத்துல அது ஆகாதுங்களே."

ஆமாம், மங்கல காரியத்தில் கன்னத்தில் கை வைத்தால் எங்கள் பக்கம் அடிக்கவே வந்துவிடுவார்கள். அந்தப் படங்களைத் திறந்தான். தாலி கட்டும் நேரம். உள்ளங்கையால் கன்னத்தை அழுத்தியதில் வலி கொஞ்சம் விட்டிருக்க வேண்டும். கண்ணில் நீரோடு மகளைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரிக்கிறார் குப்பாயி அக்கா. அப்படி எத்தனை படங்கள்! மடையன், நல்லதையெல்லாம் சகுனம் பார்த்து ஒதுக்கிவிட்டு, கடுகடுப்பை மட்டும் பொறுக்கி அச்சடித்திருக்கிறான்.

"இதுக்கு எந்த பிரீசெட்டும் வேண்டாமுங்க" என்றான். எடுத்த நிறத்திலேயே பெரிதாக அச்சுப்போட்டு, சட்டம் அடித்து, அவனே சிவரஞ்சனியின் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோனான். கதையைக் கேட்ட சம்பந்தியம்மா, "அட, பல்லு வலியா? சொல்லியிருந்தா ரெண்டு கிராம்பு குடுத்திருப்பனே!" என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, முன்னறையில் மாட்டச் சொன்னாராம்.

புஷ்பலதா கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தபோது எல்வின் கேமராவை அக்கா பக்கம் திருப்பினான். வலித்த பல்லைப் பிடுங்கிப்போட்டு எத்தனையோ மாதமாயிற்று. இருந்தாலும் அக்கா நிதானமாகக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"கல்யாண ஊட்டுல கன்னத்துல கை வெக்காத, குப்பாயி!" என்று நாலு பக்கமும் கூச்சல்.

அக்கா கையை எடுக்கவில்லை. "மூத்தவளுக்கு வெச்சேன், நொம்ப நல்லாத்தான் இருக்கறா. சின்னவளுக்கு வெக்கலைன்னா ஓரவஞ்சனை ஆயிராதா? நீ எடு கண்ணு."